பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (24 டிசம்பர் 1935 – 24 நவம்பர் 2008) இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக், 1960 ரோம் ஒலிம்பிக் இரண்டிலும் இந்திய அணியில் இடம்பெற்றவர். 1958, 1962, 1966 ஆகிய மூன்று ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கும் சென்றவர். 1962இல் ஜகார்த்தாவில் இந்தியா தங்கம் வென்ற இறுதி ஆட்டத்தில் கோலுக்கு நின்றவர் இவரே. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தேர்வானார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள், பந்தைத் தொலைதூரம் அனுப்பும் கால் ஆகியவை இவரது அடையாளங்கள். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சிப்பாயாக இருந்தபோது உருவான ஆட்டக்காரர் என்பதால் தமிழ்நாட்டின் விளையாட்டு வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு.

பிறப்பும் முதல் ஆட்டங்களும்

தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தார். அதை ஒட்டிய செகந்திராபாத் 1806 முதல் பிரிட்டிஷ் படைத்தளமாக இருந்த ஊர். மதராஸ் படையோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கு ஏராளம். பாசறைத் திடல்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய கால்பந்தை வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகள், பிறகு தாங்களே கிளப்புகள் அமைத்து ஆடத் தொடங்கினார்கள். ரோம் ஒலிம்பிக்கில் தங்கராஜுடன் ஆடிய துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத்தின் அம்முகுடாவில் பிறந்தவர்தான். தங்கராஜ் முதலில் ஆடியது செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில்.

அவர் பதின்வயதில் இருந்தபோது ஹைதராபாத் கால்பந்து உச்சத்தில் இருந்தது. சையத் அப்துல் ரஹீம் பயிற்சியளித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியின் பயிற்சியாளரும் அதே ரஹீம்தான். தங்கராஜின் சர்வதேச வாழ்க்கையில் தலையாய முடிவுகளை எடுத்தவரும் பின்னாளில் அவரே.

தங்கராஜ் தொடக்கத்திலிருந்தே கோல்கீப்பர் அல்லர். சென்டர் பார்வர்டாக, அதாவது கோல் அடிக்க முன்னால் ஓடுபவராகத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். பின்னர் கோல் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றபோது முன்களக்காரனின் உதை அவர் காலில் தங்கிவிட்டது. கோல் அடிப்பவன் எந்த இடத்தில் நின்று, எந்தக் காலைத் தூக்குவான் என்ற அறிவையும் அதே அனுபவம் அவருக்குத் தந்திருந்தது.

வெலிங்டன் ஆண்டுகள்

1953இல் தங்கராஜ் இந்திய ராணுவத்தில் சேர்ந்தார். மதராஸ் ரெஜிமென்ட் 1758இல் தோன்றிய, இந்தியக் காலாட்படையின் மிகப் பழைய படைப்பிரிவு. அதன் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. தென்மாநிலங்களிலிருந்து படையில் சேரும் இளைஞர்கள் கூடும் இடம் அது. தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் அங்கே ஒரே வரிசையில் நின்று அணிவகுக்கும்.

ராணுவ அணிகளுக்கு அன்று இருந்த வசதி கிளப் அணிகளுக்கு இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, விடிவதற்கு முன்பே ஓட்டம், ஆண்டு முழுவதும் ஒன்றாகவே ஆடும் பதினோரு பேர் என்று எல்லாம் அமைந்திருந்தன. மலைக்காற்றில் ஓடிப் பழகிய நெஞ்சு, சமவெளித் திடலில் கடைசி நிமிடம் வரை தாங்கியது. இந்த உழைப்பின் பலன் டூரண்ட் கோப்பையில் தெரிந்தது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. 1955இல் மதராஸ் ரெஜிமென்ட் மையம் இறுதி ஆட்டத்தில் இந்திய விமானப்படை அணியை வீழ்த்தி அந்தக் கோப்பையை வென்றது. 1958இல் கூர்க்கா பிரிகேடை வென்று மறுபடியும் அதைக் கைப்பற்றியது. இரண்டு வெற்றிகளுமே தங்கராஜின் காலத்தவை.

1955இல் டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் அவர் முதன்முறையாக இந்தியாவுக்கு ஆடினார். அப்போது வயது ஏறத்தாழ இருபது. தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபியில் முப்படைகளின் கூட்டணியான சர்வீசஸ் அணிக்கு ஆடிய அவர், பிறகு அதன் தலைவரும் ஆனார். 1960-61 பருவத்தில் கோழிக்கோட்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் வங்காளத்தை வென்று சர்வீசஸ் முதன்முறையாக அந்தக் கோப்பையைப் பெற்றது தங்கராஜின் தலைமையில்தான்.

கையும் காலும்

கோல்கீப்பரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கையைப் பற்றியே பேசுவார்கள். தங்கராஜைப் பற்றிப் பேசும்போது காலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பந்தைப் பிடித்த கணத்தில் கோல்கீப்பரின் காவல் வேலை முடிகிறது. அடுத்த கணத்திலிருந்து தன் அணியின் முதல் தாக்குதலைத் தொடங்கி வைப்பவரும் அவர்தான்.

கையிலிருக்கும் பந்தை உதைத்து அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடும் முன்பே பாதத்தின் மேற்புறத்தால் அடிப்பது பன்ட். தரையில் பட்டு எழும் அதே நொடியில் அடிப்பது டிராப் கிக். முதலாவதில் பந்து உயரமாகப் போகும். அது இறங்கி வருவதற்குள் சக ஆட்டக்காரர்கள் இடம்பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவதில் பந்து தாழ்வாக, வேகமாகப் போகும். இரண்டிலும் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பந்தைக் கையிலிருந்து விடும் விதம். கை நடுங்கினால் கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பந்து பக்கவாட்டில் போய்விடும்.

தங்கராஜ் காலத்தில் இது இன்னும் கடினம். ஆட்ட விதிப்படி பந்தின் எடை 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 முதல் 450 கிராம். ஆனால் அது தொடக்க எடை மட்டுமே. அன்றைய தோல் பந்து மழையில் தண்ணீரைக் குடித்து, நேரம் ஆக ஆகக் கனக்கும். கல்கத்தாவின் ஆடிமாதச் சேற்றில் அந்தப் பந்தைத் தூக்கி நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்புவதற்குத் தொடையும் இடுப்பும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். தங்கராஜின் உதை நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் பாதிக்குள் விழுந்தது. தாக்கிக்கொண்டிருந்த எதிரணி திரும்பி ஓடுவதற்குள் இந்திய முன்களம் பந்தை எடுத்துக்கொள்ள முடிந்தது.

விதிகளும் அவரது ஆட்டத்தை வடிவமைத்தன. 1912 வரை கோல்கீப்பர் தன் பாதி முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். அந்த ஆண்டில்தான் அந்த உரிமை பெனால்டி கட்டத்துக்குள் சுருங்கியது. 1931 முதல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடி எடுத்து வைக்கலாம் என்று ஆனது. அந்த நான்கு அடிகளுக்குள் திடலைப் பார்த்து, ஆளைத் தேர்ந்து, பந்தை விட்டு உதைக்க வேண்டும். வேறோர் ஆட்டமான அமெரிக்கக் கால்பந்தில் பன்ட் அடிப்பதற்கென்றே பன்ட்டர் என்று தனியாக ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார். அங்கே அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. மூன்றில் போதிய தூரம் முன்னேற முடியாவிட்டால் நான்காவதில் பன்ட்டர் வந்து பந்தை எதிரியின் எல்லைக்குத் தள்ளிவிட்டுப் போவார். அவருக்கு உதைப்பது ஒன்றே வேலை. தங்கராஜ் கோலையும் காத்து அந்த வேலையையும் செய்தார்.

ஓர் இடம், இரண்டு பேர்

மற்ற ஆட்டக்காரர்களுக்கு இல்லாத ஒரு நிலை கோல்கீப்பருக்கு உண்டு. முன்களத்தில் ஐந்து பேர் ஆடலாம். ஒருவருக்கு இடது பக்கம் இல்லையென்றால் வலது பக்கம் கிடைக்கும். கோலுக்கு ஓர் இடம்தான். இரண்டாவது கோல்கீப்பர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முதலாமவர் நிற்கும்வரை அவர் ஓரத்தில்தான் உட்கார வேண்டும்.

தங்கராஜ் காலத்தில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது. ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் உலகக் கோப்பையில் 1970இல்தான் வந்தது. அதற்கு முன்பு கோல்கீப்பருக்கு நடுவில் அடிபட்டால் களத்தில் இருக்கும் வேறொருவர்தான் கோலுக்குப் போக வேண்டும். ஓரத்தில் இருக்கும் இரண்டாவது கோல்கீப்பர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர் வாய்ப்பு ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும்.

இந்திய அணியில் தங்கராஜுடன் இந்த ஒற்றை இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் முதன்மையானவர் எஸ். எஸ். நாராயண். ஒற்றப்பாலத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்து ஆடிய அவரும் 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். அடுத்தவர் வங்காளத்தின் பிரத்யுத் பர்மன். ஒருவர் நிற்க மற்றவர் காத்திருந்தாலும், பயிற்சியில் இருவரும் ஒரே உதைகளை வாங்கினார்கள். முதலாமவரைக் கூர்மையாக வைத்திருந்தது இரண்டாமவர் பின்னால் நிற்கிறார் என்ற உணர்வுதான்.

மெல்போர்ன், 1956

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றிருந்தது. அதுவரை வெறுங்காலோடும் ஆடிக்கொண்டிருந்த இந்திய ஆட்டக்காரர்களைப் பூட்ஸ் அணிய வைத்தது அந்தத் தோல்வி. ரஹீம் அணியைப் புதிதாகக் கட்டினார். மெல்போர்னுக்குச் சென்ற அணியின் தலைவர் சமர் பானர்ஜி. கோல்கீப்பர்கள் தங்கராஜும் நாராயணும்.

முதல் சுற்றில் எதிரணியான ஹங்கேரி விலகிக்கொண்டது. டிசம்பர் 1 அன்று காலிறுதியில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமை இந்தியாவுக்கு வந்தது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக டிசோசாவே முதல் கோலைப் போட்டு இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஆட்டம் கைநழுவி 1-4 என்று முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று வென்றது. நான்காவது இடம் கிடைத்தது. தனக்குப் பத்து கோல் போட்ட எதிரிக்கு எதிராக நான்கே ஆண்டுகளில் முதல் கோலைப் போட்டு நின்ற அணி என்பதை நினைத்தால் அந்த நான்காவது இடத்தின் மதிப்பு விளங்கும்.

1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டிலும் இந்தியா நான்காவதாகவே வந்தது. ஆனால் அந்த ஆண்டுதான் தங்கராஜ் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். பதக்கம் வெல்லாத அணியின் கோல்கீப்பரைக் கண்டம் முழுதும் கவனித்தது என்பது அவர் தடுத்த பந்துகளுக்குக் கிடைத்த மரியாதை.

ரோம், 1960

ரோமில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவு கடுமையானது. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு மூன்றும் அதில் இருந்தன. பி. கே. பானர்ஜி தலைமையில் சென்ற அணி ஆகஸ்ட் 26 அன்று ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது. அந்த ஹங்கேரி அணியில் புளோரியான் ஆல்பர்ட் போன்ற பேர்பெற்ற முன்களக்காரர்கள் இருந்தார்கள். கடைசியில் வெண்கலம் வென்ற அணியும் அதுதான். அதனிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது என்றால் பின்களமும் கோல்கீப்பரும் அன்று வாங்கிய உதைகளை ஊகிக்கலாம். இந்தியாவின் கோலை பலராம் அடித்தார்.

மூன்று நாள் கழித்து பிரான்சுடன் 1-1 என்று சமன். பானர்ஜி அடித்த கோலால் முன்னிலையில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது சமன் கோலை வாங்கியது. பெருவிடம் 1-3 என்று தோற்று இந்தியா வெளியேறியது. அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி எந்த ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. ஆகவே, தங்கராஜ் இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்களில் ஒருவர் என்ற நிலை இன்றும் தொடர்கிறது. அதை மாற்ற ஓர் இளைஞன் வர வேண்டும் என்பதே இந்த ஆட்டத்தை நேசிப்பவர்களின் ஆசை.

ஜகார்த்தா, 1962

நான்காவது ஆசிய விளையாட்டு இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததை இந்தியப் பிரதிநிதி குரு தத் சோந்தி எதிர்த்தார். அதனால் ஊரில் இந்தியர் மீது கோபம் பொங்கியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய அணி திடலில் இறங்கும்போதெல்லாம் கூட்டம் கூச்சலிட்டது.

சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும் ஜப்பானை 2-0 என்றும் வென்றது. பின்களத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. தங்கராஜைக் காய்ச்சல் படுக்க வைத்தது. அந்த இடைவெளியில் கோலுக்கு நின்றவர் பிரத்யுத் பர்மன். அவர் கோல் காக்க, இந்தியா முன்னேறியது. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தது. எதிரே மீண்டும் அதே தென்கொரியா.

ரஹீம் முன்னால் இப்போது ஒரு கனமான தேர்வு இருந்தது. பர்மன் ஆட்டத்தில் இருக்கிறார். அணி அவருக்குப் பழகிவிட்டது. தங்கராஜ் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர். ஆனால் கொரியர்கள் உயரமாகத் தூக்கி அடிக்கும் பந்துகளுக்கு எதிரே தங்கராஜின் உயரம் தேவைப்பட்டது. ரஹீம் தங்கராஜைத் தேர்ந்தார். பின்களத்து ஜர்னைல் சிங்கைத் தையலோடு சென்டர் பார்வர்டாக இறக்கினார். முன்களக்காரராகத் தொடங்கிக் கோலுக்கு வந்த ஒருவரும், காவல்காரராக இருந்து முன்களத்துக்குப் போன ஒருவரும் ஒரே அணியில், ஒரே மாலையில் ஆடினார்கள்.

1962 செப்டம்பர் 4. செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும் 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தார்கள். மிச்சமிருந்த ஒரு மணி நேரத்துக்கும் மேல் தங்கராஜும் பின்களமும் தாங்கினார்கள். 85ஆவது நிமிடத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. அதற்கு மேல் விடவில்லை. 2-1. 1951 டெல்லிக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியாவின் இரண்டாவது கால்பந்துத் தங்கம். இன்றுவரை கடைசித் தங்கமும் அதுவே. அப்போதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்த ரஹீம் அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

இந்தத் தங்கத்தைப் பற்றி எழுதும்போது இரண்டு கோல்கீப்பர்களின் பெயரையும் எழுத வேண்டும். பர்மன் இல்லாமல் இறுதி ஆட்டத்துக்கு வழி இல்லை. தங்கராஜ் இல்லாமல் அந்த ஒரு மணி நேரத்துக்குக் காவல் இல்லை. காத்திருந்தவர் தயாராக இருந்ததால்தான் காய்ச்சல் ஒரு நாட்டின் கனவை அழிக்கவில்லை. பிறகு அவர் மீண்டும் ஒதுங்கி இடம்விட்டதும் அந்த வெற்றிக்குள் அடங்கியதே.

கல்கத்தாவும் பிற்கால ஆட்டங்களும்

ராணுவத்தை விட்ட பிறகு தங்கராஜ் கல்கத்தாவுக்குப் போனார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். மூன்று கிளப்புகளுக்கும் தனித்தனி ரசிகர் உலகம். ஒன்றின் ஆளை மற்றொன்று லேசில் ஏற்காது. மூன்று கூட்டமும் தன் கோலை ஒப்படைத்த வெளியூர்க்காரர் அவர். சந்தோஷ் டிராபியில் வங்காளத்துக்கும் ரயில்வே அணிக்கும் ஆடினார்.

1964இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாவது இடம் பெற்றது. ஆசியக் கோப்பையில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் அதுதான். அந்த அணியிலும் தங்கராஜ் இருந்தார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஆடினார். ஆசிய நட்சத்திர அணிக்கும் தேர்வு பெற்றார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது வந்தது. 1971இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பயிற்சியாளர்

ஓய்வுக்குப் பிறகு கோவாவின் வாஸ்கோ கிளப்புக்குப் பயிற்சியளித்தார். பின்னர் பொக்காரோ உருக்காலையின் கால்பந்துப் பள்ளியில் இளைஞர்களை உருவாக்கினார். செகந்திராபாத்தில் தொடங்கி, வெலிங்டன், கல்கத்தா, வாஸ்கோ என்று சுற்றிய வாழ்க்கை, தொழிற்சாலை நகரமான பொக்காரோவில் நிலைகொண்டது. 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே மாரடைப்பால் காலமானார். எழுபத்து மூன்று வயது நிரம்ப ஒரு மாதம் இருந்தது.

மதிப்பீடு

தங்கராஜின் வாழ்க்கை இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தோடு ஏறத்தாழ முழுதாகப் பொருந்துகிறது. மெல்போர்ன் நான்காம் இடம், ரோம், ஜகார்த்தா தங்கம், ஆசியக் கோப்பை இரண்டாம் இடம் என்று அந்தக் காலத்தின் ஒவ்வொரு படியிலும் அணிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. கோல் அடித்த பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் மூவரின் பெயர்கள் மக்கள் நாவில் நின்றன. பின்னால் நின்றவரின் பெயர் அவ்வளவு ஒலிக்கவில்லை. கோல்கீப்பரின் நல்ல நாள் என்பது பலகையில் எதுவும் ஏறாத நாள் என்பதே அதற்குக் காரணம்.

நம் ஊர்ப்புறத் திடல்களில் அணி பிரிக்கும்போது ஓட முடியாதவனை, புதிதாக வந்தவனை, சின்னப் பையனை "நீ போய் கோலுக்கு நில்லு" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய கதை தங்கராஜுடையது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் பின்னால் வந்து நின்றார். அங்கிருந்தே பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்பினார். அவன் அருகே, தன் முறைக்காகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையனுக்குப் பர்மனின் கதையையும் சொல்ல வேண்டும்.